வெயில் படும் இடம்

துணி நன்றாகக் காய வெயில் வேண்டும். இதை எழுதித்தான் நான் எம்.எஸ்சி. பட்டம் வாங்கினேன்.

வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊர்தான் என் ஆய்வுக்களம். கம்பெனிகள் வந்து கையில் காசு புழங்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கடை நாப்கின் வந்தது. பயன்படுத்தியதைக் கறுப்புக் கவரில் முடிந்து ஏரியின் வரத்துக் கால்வாயில் எறிந்துவிடுவார்கள். நாய்கள் இழுத்து வந்து தெருவில் போடும். பிறகு மகளிர் குழுவில் தையல் தெரிந்த சிலர், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைத் தைத்தார்கள். அது ஊரில் பிடித்துக்கொண்டது. கால்வாய் ஓரம் மெல்ல மெல்லச் சுத்தமானது. அது எப்படி நடந்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினேன். பருத்தித் துணி, போதுமான தண்ணீர், பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, பின்வாசல் கொடியில் நேரடி வெயில். வெற்றிக்குக் காரணங்கள் என்ற அத்தியாயத்தில் இவை இருந்தன.

கடைசிக் காரணத்துக்கு ஒரு புகைப்படமும் வைத்தேன். உச்சி வெயிலில் ஒரு கொடி நிறையப் பூப்போட்ட துணிகள், மேலே மூடிமறைக்கப் புடவையோ பாவாடையோ எதுவும் இல்லாமல். படத்துக்கு அடியில் 'வெட்கத்தை வென்ற கொடி' என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அந்த வரியை வகுப்பில் படித்துக் காட்டினார். இப்போது அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சின்னம்மா வூட்டுக் கொடியாச்சே. இத்தப் போயா போட்டோ புடிச்சிகினு வந்த?"

"இதுக்குத்தாம்மா பட்டம் குடுத்துகிறாங்க."

"குடுத்தது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளதான்."

"நாசமாப் போச்சு," என்று சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போனவள் நான்தான். எனக்கு அந்தத் திமிர் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஆய்வுதான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. நிறுவனத்தை நடத்தும் மேடம், நான் சேர்ந்த முதல் வாரமே கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க ஊர்ல நடந்ததை அங்கேயே விட்டுடக் கூடாது. அந்தப் பாடத்தை எடுத்து இன்னொரு இடத்துல போட்டுப் பார்க்கணும். இடம் ரெடியா இருக்கு."

ஒரகடம் பக்கம் ஒரு பெண்கள் விடுதிதான் அந்த இடம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை செய்கிற பெண்களுக்காக ஒரு வீட்டுக்காரர் கட்டி, அந்தக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்ட மூன்று மாடிக் கட்டடம். பெரும்பாலும் தென் மாவட்டத்துப் பெண்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்: ஒருத்தி ஷிப்டுக்குக் கிளம்பினால் அடுத்தவள் வந்து படுப்பாள். மெத்தையின் சூடு ஆறுவதே இல்லை என்பார்கள். நாப்கின்கள் கழிவறைக் குழாயில் சிக்கி, கம்பெனி பஸ் வருகிற நேரம் பார்த்துத் தண்ணீர் மேலே ஏறிவிடும். அடைப்பு எடுக்க வந்தவர் கம்பி விட்டு இழுத்ததையெல்லாம் முற்றத்தில் கொட்டியபோது, வார்டன் அக்கா எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்க வைத்தாராம். அதற்குப் பிறகுதான் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள்.

முதல் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நான் என் ஊர்க் கதையைச் சொன்னேன். மண்ணில் மட்காத பிளாஸ்டிக், கால்வாய், மகளிர் குழு, வெயில். நான் தைத்துக் கொண்டுபோன மாதிரித் துணி நாப்கினை எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு பெண் அதைத் தன் முகத்தில் மாஸ்க் மாதிரி கட்டிக் காட்ட, கூடமே சிரித்தது.

முன்வரிசையில் சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடி அறைகளுக்கு அவள்தான் லீடர். மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் கேட்டாள்:

"அக்கா, கோவிச்சுக்காதீக. நீங்க எத வைக்கிறீக?"

நான் மாதிரியை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. பத்தாம் வகுப்பில் அம்மாவின் கிழிந்த புடவையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் முதல் நாப்கின் பொட்டலம் வாங்கி வந்தவள் நான். எங்கள் வீட்டுப் பெண்களில் அப்படி வாங்கிய முதல் ஆள் என்ற பெருமையோடு வாங்கினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் துணி வைத்ததில்லை.

"அக்கா முழிக்கிற முழியே சொல்லுதே," என்றாள் அவள்.

"எனக்கு வெளிய சுத்துற வேலை," என்றேன்.

"ஓ. எங்களுக்கு மட்டும் ஒக்காந்து பேன் பாக்குற வேலையாக்கா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் சேர்ந்து சிரித்தேன். அவளே பாவம் பார்த்து, "சரி விடுங்கடி, அந்த அக்கா பொழப்பு அது" என்று கூட்டத்தை அடக்கினாள். அடைப்பு நின்றால் போதும், முற்றத்தில் நின்ற அந்த நாள் திரும்ப வரக்கூடாது என்று பலரும் சம்மதித்தார்கள். கிளம்பும்போது அவள் என்னைப் படிக்கட்டு ஓரம் நிறுத்தினாள்.

"என்ன வேணாலும் செய்ங்கக்கா. மாடிய மட்டும் தொட்டுறாதீக."

"மாடியா? அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வார்டன் அதப் பூட்டிப்போட எப்படா சாக்கு கெடைக்கும்னு பாத்துக்கிட்டே இருக்காக. மொட்டமாடில மட்டுந்தேன் எங்களுக்கு டவரு கெடைக்கும். ரூம்ல பேசுனா எட்டுப் பேரு காது. அம்மாகிட்ட ரெண்டு வார்த்த அழுது பேசணும்னா அங்கதேன் போகணும்."

"மாடிக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன். நான் பொறுப்பு என்றும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

தொடக்கத்தில் பெண்கள் துணியைத் துவைத்துக் கட்டில் கம்பியில், மின்விசிறிக்குக் கீழே, சுடிதார் துப்பட்டாவுக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தார்கள். அது காயவில்லை. அரைகுறை ஈரத்தில் எடுத்துக் கட்டி, நாற்றம் என்றார்கள், அரிப்பு என்றார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன்: வெயில் படவில்லை. வெயில் பட்டால் கிருமி சாகும். வெயில் இருக்கிற இடம் மாடி.

"மாடி வேணாம்க்கா," என்றாள் சிவகங்கைக்காரி. "எதுத்தாப்புல பசங்க ஆஸ்டலு."

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு? எங்க ஊர்ல நடுவெயில்ல, பட்டப்பகல்ல காயப் போடறாங்க. படிக்காத பொம்பளைங்க. நீங்க எல்லாம் டிப்ளமோ படிச்சவங்க."

"சரிக்கா," என்றாள். அந்த 'சரி' நான் சொன்னது புரிந்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். படித்த நம்மையே இப்படிக் கேட்டுவிட்டாளே என்ற ரோஷத்தில் வந்தது அது.

நானே மாடியில் நைலான் கயிறு கட்டினேன். மறுநாள் மதியம் பூப்போட்ட துணிகள் வரிசையாகத் தொங்கின. எதிர்க்கட்டட மாடியில் பையன்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அங்கேயும் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்தான். கட்டிலை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு மாடியை விட்டால் போக்கிடம் கிடையாது. முதலில் விசில். அப்புறம் ஒருவன் கத்தினான்: "அக்கா, இன்னா கொடியேத்தமா? மிட்டாய் தருவீங்களா?" அடுத்த நாள் யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி பதிலுக்குச் செருப்பைக் கழற்றிக் காட்ட, அந்தப் பக்கம் ஊளை, இந்தப் பக்கம் வசவு. வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

நான் போவதற்குள் மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. என் நைலான் கயிறு சுருட்டி வார்டன் அக்காவின் மேசை மேல் கிடந்தது.

"இன்னாம்மா வேல பண்ணி வெச்சிகிற?" என்றார் அவர். "அந்தப் படம் எவன் போன்ல எல்லாம் சுத்திகினு கீதோ. நாளைக்கு இதுங்க அப்பன் ஆயி ஊர்லேந்து வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? பூட்டினது பூட்டினதுதான்."

படிக்கட்டு வளைவில் பெண்கள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி நின்றார்கள். நான் ஏறும்போது வழிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சிவகங்கைக்காரி சுவரோடு சுவராகச் சாய்ந்து, போனுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்கேன்மா, சாப்புட்டேன்மா, வையி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். என்னிடம், "பாத்துப் போங்கக்கா, படி வழுக்கும்" என்றாள்.

அந்த வார விடுமுறையில் வீட்டில் இருந்தேன். மதியம் பின்வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா வீட்டுக் கொடியில், என் புத்தகத்தில் இருக்கிற அதே கொடியில், துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மூடாமல், மறைக்காமல்.

தெருமுனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. முதல் ஷிப்டு முடிந்து ஆட்களை இறக்க வரும் கம்பெனி பஸ். சின்னம்மா ஏதோ பேசிக்கொண்டே வெளியே வந்தாள். பேச்சை நிறுத்தாமலே கொடியில் இருந்ததை உருவிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வீட்டிலும் ஒரு கை நீண்டு உருவியது. அதற்கு அடுத்த வீட்டிலும். பஸ் நின்று, ஆண்கள் பையோடு தெருவுக்குள் நடந்து வந்தபோது, எந்தக் கொடியிலும் ஒன்றும் இல்லை. துண்டும் லுங்கியும்தான்.

இதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அம்மாவின் பழம்புடவைத் துணியைக் கட்டிய காலத்தில் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் நானே உருவி வந்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கொடி எந்த வெட்கத்தையும் வெல்லவில்லை. காலையில் கம்பெனிகள் ஊர் ஆண்களை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. இரவு ஷிப்டு முடித்து வந்த ஒன்றிரண்டு பேர் சொந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். பகல் வெயில் முழுக்கப் பெண்களுக்குக் கிடைக்கிறது. என் புகைப்படங்கள் எல்லாமே மதியத்தில் எடுத்தவை, வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று. எந்தக் கம்பெனி ஷிப்டு எங்கள் ஊரில் ஆண்களைக் கொடியிடமிருந்து தூரமாக்கியதோ, அதே ஷிப்டு ஒரகடத்தில் அவர்களைக் கொடிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. நான் துணியையும் வெயிலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஹாரனை ஊரிலேயே விட்டுவிட்டேன்.

"இன்னாடி, கொட்டைய எறிஞ்சிட்டுத் தோல வாயில போட்டுகினு கீற?" என்றாள் அம்மா.

விடுதிப் பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் எங்கள் திட்டத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். குளிரூட்டிய அறை, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேடம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்: அடைப்பு நின்றுவிட்டது, அதைச் சொல்லு, அது உண்மைதானே. உண்மைதான். பாதிப் பெண்கள் மறுபடியும் கடை நாப்கினுக்குப் போய், அதைப் பையில் வைத்துக் கம்பெனிக் கழிவறைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். விடுதிக் குழாய் சுத்தமாக இருந்தது.

நான் எழுந்து அதைச் சொன்னேன். ஹாரனைச் சொன்னேன். மாடி பூட்டப்பட்டதையும், அது என்னால் நடந்தது என்பதையும் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

ஹெச்.ஆர். அதிகாரி கவனமாகக் கேட்டார். மரியாதையான மனிதர். "வெரி குட், நேர்மையான பிரசன்டேஷன்," என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "மாடியப் பூட்டினதுல பிரச்சினை ஒண்ணும் வரலையே? சேஃப்டிக்கு நல்ல பாயிண்டுதான். மத்த ஹாஸ்டல் எல்லாத்துலயும் பூட்டிடச் சொல்லுங்க" என்றார்.

"சார், நான் அதைச் சொல்லல..." என்றேன்.

"புரியுதும்மா. இந்த மாதிரி ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போறதுதானே உங்க ப்ராஜெக்ட்டே?"

மேடம் மேசைக்கு அடியில் என் கையைத் தொட்டார், உட்கார் என்று. நான் உட்கார்ந்தேன்.

மற்ற விடுதிகள் எங்கே இருக்கின்றன, அந்த மாடிகளில் யார் யார் நின்று யாரோடு பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மறைமலை நகர்ப் பக்கம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நான் பார்த்தே இராத பெண்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற பயம். யாருக்கும் என்னைத் தெரியாது.

நேராக விடுதிக்குப் போனேன். வார்டன் அக்காவிடம் கெஞ்சினேன். என் படிப்பு, வேலை, மேடம் பெயர் எதையும் இழுக்கவில்லை. ஒரு மணி நேரமாவது, சாயங்காலம் மட்டுமாவது என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சரி. ஆனா ஒண்ணு. நீ மேல வந்து கூட ஒக்காரணும். ஒரு பொண்ணு அந்தாண்ட பாத்து கை காட்டுச்சின்னா நீதான் பொறுப்பு. முடியுமா?"

முடியும் என்றேன்.

சாவி கையில் கிடைத்தது. மாடிக்கதவு பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வேலை முடிந்து தினமும் வந்து அதில் உட்கார்ந்தேன். பெண்கள் வந்தார்கள். என்னைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிப் போய்த் தொடர்ந்தார்கள். அப்புறம் தாண்டிப் போயும் தொடரவில்லை. நான் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பார்த்தேன். அதில் பாட்டு ஓடவில்லை என்பதை அவர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சிவகங்கைக்காரி ஒருநாள் ஷிப்டு முடிந்து நேரே மேலே வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. லைனில் என்னவோ நடந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அழைப்பு போய், அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. "அம்மா" என்றாள். தொட்டியைச் சுற்றி எட்டிப் பார்த்தாள், நான் இருந்தேன்.

"இல்லம்மா, ஒண்ணுமில்ல. அப்பறம் பேசுறேன். இங்க ஆளு இருக்கு."

அந்த ஆள் நான். எழுந்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, படி இறங்கினேன். முதல் மாடியில் நின்றால் கேட்கும் என்று தோன்றியது. அதையும் தாண்டி இறங்கி, முற்றத்தைக் கடந்து, தெருக் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

வார்டன் அக்கா ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டார். "ஏம்மா! மாடில யாரு கீறா?"

"பொண்ணுங்க கீறாங்க."

"அப்ப நீ இன்னாத்துக்கு இங்க நிக்கற?"

"சும்மா."

"சும்மாவா? இன்னா சொல்லி சாவி வாங்கின? எடு சாவிய." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் கொடுக்காமல் பேச்சை இழுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன், காலில் பிடிப்பு என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் இழுக்க முடிந்தது என்று தெரியவில்லை. ஒரு அம்மாவிடம் அழுது முடிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் திரும்புவதற்குள் சிவகங்கைக்காரி இறங்கி வந்துவிட்டாள். முகம் கழுவியிருந்தாள். பேசினாளா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவளே தூக்கி வந்திருந்தாள். கேட் ஓரம் என் முன்னால் அதை வைத்தாள்.

"ஒங்க சேருக்கா," என்றாள்.

வார்டன் அக்கா கதவைப் பூட்ட மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. நான் அதில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.